அம்மாவுக்கு ஒரு குடியுரிமைக் கடதாசி

1

போன செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, லிடியாவுக்குத் துணையாக இங்குள்ள வெளிநாட்டவர் கந்தோரில் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்தேன். லிடியா என்னோடு ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவுகிறவள். பிறந்தது கசகஸ்தான். அவளுடைய பூட்டி, அதாவது பாட்டியின் அம்மா, ஜெர்மன்காரி. அந்தப் பூட்டியின் புண்ணியத்தில் லிடியா ஜெர்மனிக்கு வந்து, வந்த கையோடு பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாள். அதே பாஸ்போர்ட்டுக்கு நான் பன்னிரண்டு வருஷம் நாயாய் அலைந்தேன். முதலில் எனக்கு அவளைக் கண்டால் எரிச்சல்தான். இப்போது சிநேகிதி.

இந்த முறை அலைச்சல் அவளுடைய அண்ணனைக் கூப்பிடுவதற்கு. நம்பர்ச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னென்ன கேட்பார்கள்?" என்றேன்.

"பூட்டிக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், நத்தாருக்கு வீட்டில் என்ன சமைப்பீர்கள், என்ன பாட்டுப் பாடுவீர்கள், எல்லாம் கேட்பார்கள். வேடிக்கை என்ன தெரியுமா செல்வி? அங்கே இருக்கும்போது நாங்கள் ஜெர்மன் ஆட்கள் என்று வெளியே தெரியக்கூடாதென்று அம்மா வாயைப் பொத்தி வளர்த்தா. இங்கே வந்தால், நீ ஜெர்மன்தான் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா என்கிறார்கள்."

பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னுடைய கதை எனக்கு வடிவாய்த் தெரியும் லிடியா என்றேன். அவள் அதை ஒரு மரியாதைப் பேச்சு என்றுதான் எடுத்திருப்பாள்.

அம்மா இருக்கிற முரசுமோட்டைக்குப் போய்வந்து இந்த ஆவணியோடு இரண்டு வருஷமாகிவிட்டது. இங்கே இலை கொட்டத் தொடங்கிவிட்டது, அங்கே சண்டையில் பாதை பூட்டியாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தையும் கழற்றாமல் இதை எழுத இருந்தேன். என் புருஷனின் ஆட்கள் யாழ்ப்பாணத்தார். இதில் இருக்கிற விஷயம் அவருக்குத் தெரியும், அவருடைய ஆட்களுக்கு இன்றுவரை தெரியாது. வாசித்தால் தெரியவரும். வாசிக்கட்டும்.

2

நான் பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில். அம்மா பாக்கியம் கொழுந்து எடுத்தார். அப்பா ராமையா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். அம்மாவின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். எங்களை இந்தியாவும் எடுக்கவில்லை, இலங்கையும் தன் கணக்கில் எழுதவில்லை. அப்படி நடுவில் தொங்கினவர்கள் மலையில் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அதனால் அது எங்களுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

எழுபத்தேழுக் கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். எனக்குப் பத்து வயது. லொறியில் ஏறி வவுனியா, பிறகு கிளிநொச்சி, கடைசியில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற தெருவில் முரசுமோட்டை. மலைக் குளிரில் வளர்ந்த எங்களுக்கு அந்த வெய்யில் தலைக்குள் இறங்கியது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றைக்கு நானும் அம்மாவும் சட்டையோடு இறங்கிக் குளித்தோம். அந்தத் தண்ணீர் ஞாபகம் வரும்போதெல்லாம், இங்கே குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பேன். புருஷன் வெளியிலிருந்து கதவைத் தட்டுவார்.

வன்னியில் புது ஆளைக் கண்டால் பேரைக் கேட்க முன்னம் "எவடம்?", எந்த ஊர், என்றுதான் கேட்பார்கள். கெட்ட எண்ணமில்லை, அது ஒரு பழக்கம். ஆனால் எங்களுக்கு முன்னால் மலையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைத் தோட்டக்காட்டார் என்று முற்றத்தில் நிற்பாட்டி, சிரட்டையில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததை அப்பா கண்டுவிட்டார். அடுத்த கிழமை என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது "எவடம்?" என்று கேட்டார்கள். அப்பா கண் வெட்டாமல் "கொடிகாமம்" என்றார். கொடிகாமத்தை அவர் கண்ணாலும் கண்டதில்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த யாழ்ப்பாணப் பக்கத்து ஊர்ப் பேர் அது. தன் பேரையும் இராமலிங்கம் என்று மாற்றிச் சொன்னார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, தோட்டத்துத் துண்டு, பிறப்புச் சீட்டு, பழைய காகிதம் எல்லாவற்றையும் வைக்கோல் கொளுத்துகிற நெருப்பில் போட்டார். அம்மா தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஏனென்றால் நான் கெட்டிக்காரி. ஒரு மாதத்தில் அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துவிட்டேன். பிறகு வீட்டில் அம்மாவுக்கு வாத்தியார் நான்தான். "ஆமா எண்டு சொல்லாதேங்கோ, ஓம் எண்டு சொல்லுங்கோ." "வாங்க இல்லை அம்மா, வாங்கோ." கிணற்றடியில் ஆட்கள் நிற்கும்போது அம்மாவின் வாயிலிருந்து பழைய சொல் ஒன்று வழுகினால், பின்னால் நின்று அவருடைய சேலையைப் பிடித்து இழுப்பேன். அம்மா அப்படியே நிறுத்திவிடுவார். பிறகு பேசாமலே தண்ணீர் அள்ளுவார். ஊர்ச் சனங்கள் அவரை "வாயில்லாப் பூச்சி" என்றார்கள். லயத்தில் அம்மாவின் சத்தம் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

இங்கே என்னுடைய மகள் அபிரா, கடையில் நான் ஜெர்மனில் ஏதாவது கேட்டால், கழுத்து வரைக்கும் சிவந்துபோய் என் கையை நுள்ளுகிறாள். அவளுக்கு ஏசுவதற்கு எனக்கு வாய் வருவதில்லை.

3

தொண்ணூறில் ஏஜென்சிக்காரரைப் பிடித்து இங்கே வந்தேன். என் கடதாசியில் எந்த நாட்டவர் என்ற இடத்தில் "தெளிவில்லை" என்று தட்டெழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் நான் தெளிவில்லாமலே குசினி வேலை செய்தேன், கலியாணம் முடித்தேன், பிள்ளை பெற்றேன். தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அப்பா மல்லாவிப் பக்கத்தில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது அம்மா மட்டும்தான் மிச்சம்.

அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆனால் எதைக் காட்டிக் கூப்பிடுவது? அவரிடம் அடையாள அட்டையே இல்லை. யார் கேட்டாலும் "இடம்பெயரேக்கை துலைஞ்சு போச்சு" என்பார். வன்னியில் பாதிப் பேர் அப்படிச் சொல்வதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. உண்மையில் அவருக்கு அட்டை இருந்ததே இல்லை.

சமாதான காலத்தில் புதுச் சட்டம் வந்த செய்தியை இங்கத்தைய தமிழ் வானொலியில் கேட்டேன். இந்திய வம்சாவளி என்று உறுதிப்படுத்தினால் நாடில்லாதவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை. கிளிநொச்சியில் ரெலிபோன் கடைக்கு அம்மாவைக் கூப்பிடுவித்துச் சொன்னேன்.

"எனக்கு அந்தப் பேப்பர் வேண்டாம் பிள்ளை."

"அது இல்லாமல் பாஸ்போர்ட் எடுக்கேலாது அம்மா."

"இவ்வளவு காலமும் இல்லாமல் இருந்தனான்தானே."

வைத்துவிட்டார். விட்டேனா நான்? அடுத்த கோடை லீவுக்கு அபிராவையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஓமந்தையில் ஆமி, புளியங்குளத்தில் இயக்கம், இரண்டு இடத்திலும் பையைக் கிளறிவிட்டுச் சொந்த இடம் எவடம் என்று கேட்டார்கள். முரசுமோட்டை என்றேன். அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னது பதினாலு வருஷத்துக்குப் பிறகு. பஸ் பரந்தனில் திரும்பியதும், உடைந்த கட்டடங்களையும் தலையில்லாத தென்னைகளையும் தாண்டி அந்தப் பச்சை தெரிந்தது. எருமை மாட்டு வாசம், ஈர மண் வாசம், எங்கேயோ உழவு மெஷின் சத்தம். நான் அழுகிறேன் என்று அபிரா ரிஷூ எடுத்துத் தந்தாள். வெய்யிலில் கண் எரிகிறது என்று அவளுக்குப் பொய் சொன்னேன்.

4

படிவம் பெரிய விஷயமில்லை. காகிதம் இல்லாதவர்கள், தங்களைப் பல வருஷமாகத் தெரிந்த ஒருவரை ஊர் அலுவலரான விதானையாருக்கு முன்னால் கொண்டுபோய், இவர் இந்திய வம்சாவளிதான் என்று சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். அம்மாவை அவ்வளவு காலம் தெரிந்தவர் என்றால் கனகம் மாமிதான். வேலிக்கு அந்தப் பக்கம். மிருசுவிலிலிருந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்த குடும்பம். எங்களுக்கு அந்த ஊரில் முதல் வேலை கொடுத்தது அவர்களுடைய மிளகாய்த் தோட்டம். இடம்பெயர்ந்தபோது அம்மாவும் அவவும் ஒரே தறப்பாளுக்குக் கீழே ஒன்றரை வருஷம் படுத்தவர்கள். அப்பாவின் உடலைக் கழுவினதும் மாமியின் புருஷன்தான்.

"வேறை ஆரையும் கேள். அவாவிட்டை மட்டும் கேக்காதை," என்றார் அம்மா.

"வேறை ஆர் அம்மா இருக்கினம்?"

"அப்ப விடு. நான் கொடிகாமத்தாளாவே செத்துப்போறன்."

ஒரு கிழமை கெஞ்சினேன், ஏசினேன், சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். அம்மா மசியவில்லை. ஒரு பின்னேரம் மாமி சுளகோடு வந்து முற்றத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து உழுந்து புடைத்துக்கொண்டிருந்தா. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமி, அம்மாவுக்கு ஒரு கையெழுத்து வேணும். இந்திய வம்சாவளி எண்டு."

அம்மா சுளகை வைத்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மாமி என்னைப் பார்த்தா. பிறகு சிரித்தா.

"எடியே, இதுக்கோ இவ்வளவு நாளா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனி? எனக்கு அது எப்பவோ தெரியும்."

"எப்பிடி?"

"கொம்மா எங்கடை தோட்டத்துக்கு மிளகாய் ஆய வந்த முதல் நாளே தெரியும். எல்லாரும் ஒரு கையாலை செடியைப் பிடிச்சு மற்றக் கையாலை ஆய, கொம்மா ரெண்டு கையாலையும் டக்கு டக்கெண்டு ஆய்ஞ்சு, தோளுக்குப் பின்னாலை எறியுறா! முதுகிலை கூடையும் இல்லை, ஒண்டும் இல்லை. கடகம் காலடியிலை கிடக்கு. எறிஞ்ச மிளகாய் முழுக்க மண்ணிலை. நான் பின்னாலை போய்ப் பொறுக்கினனான். கொழுந்து எடுக்கிற கை எண்டு அண்டைக்கே விளங்கிச்சுது."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா அகப்பையும் கையுமாக வெளியே வந்தார். இருபத்தேழு வருஷமாக நான் கேட்காத சத்தம்.

"அப்ப தெரிஞ்சிக்கிட்டேதான் இருந்தீங்களா? இருபத்தேழு வருசமா? ஒரு வார்த்த சொன்னா என்னா? ஒவ்வொரு நாளும் வாயத் தொறக்கிறதுக்கு முன்னுக்கு எண்ணி எண்ணிப் பாத்துத் தொறந்தேனே! தூக்கத்துல பொலம்பிருவேன்னு பயந்து, தறப்பாளுக்குள்ள ஒங்க பக்கத்துல படுத்துக்கிட்டுத் தூங்காமக் கெடந்தேனே!"

"எடி பாக்கியம், உன்ரை மனுசன் வெக்கப்படுவாரெண்டுதான்..."

"ஒங்க மக கலியாணத்துல என்னயக் குசினிக்குள்ள விடல. பின்னுக்குக் கெடாரம் தேய்க்க வச்சீங்க. நாங்க வசதி இல்லாதவங்க, அதான்னு நெனச்சேன். மனச ஆத்திக்கிட்டேன். அப்ப அது தெரிஞ்சுதானா?"

மாமி உழுந்தை அரைவாசியில் விட்டுவிட்டு எழும்பிப் போனா. அந்தக் கலியாணத்தில் நானும் அம்மாவோடு சமையல் கிடாரம் தேய்த்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் வைத்துத் தேய்த்துக்கொண்டு, நல்ல கலியாணம் என்று சந்தோஷப்பட்டேன்.

அபிரா என் காதுக்குள் ஜெர்மனில் கேட்டாள். "அம்மம்மா ஏன் திடீரென்று படத்தில் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா?"

"இதுதான் அவவின்ரை சொந்தப் பேச்சு. இவ்வளவு நாளும் கதைச்சதுதான் படம்," என்றேன்.

5

ஆறு நாள் வேலிக்கு மேலால் ஒரு பேச்சு இல்லை. கனகம் மாமி விடிய வந்து வெற்றிலைத் தட்டத்தைத் திறக்காத நாள் அந்த வளவில் இருந்ததில்லையாம். அம்மா வேலிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு முற்றம் கூட்டினார். ஆனால் பேச்சை மாற்றவில்லை. என்னோடும் கோழியோடும் தோட்டத்துப் பேச்சுத்தான். எனக்குத் திரும்பிப் போக மூன்று நாள் இருந்தது. சாட்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விதானையாரிடம் போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வந்ததே எனக்கு அதிசயம்.

விதானையார் நல்ல மனுஷன். கூரை பறந்த கட்டடத்தில் தறப்பாள் கட்டி, கால் ஆடுகிற மேசைக்குக் கீழே செங்கல் வைத்து வேலை செய்தார். "சாட்சி இல்லாமல் நான் என்னெண்டு அனுப்புறது தங்கச்சி? மேலை திருப்பி விடுவாங்கள்," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் குடை மடக்குகிற சத்தம். கனகம் மாமி. வியர்த்து ஊற்ற ஊற்ற வந்து அம்மாவைப் பாராமலே கதிரையில் இருந்தா.

"எங்கை போடவேணும்?"

விதானையார் படிவத்தைப் பார்த்து, முறைப்படி கேட்டார். "இவையள் இந்திய வம்சாவளி எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அம்மா?"

மிளகாய்க் கதையைச் சொன்னால் அங்கே நின்ற பத்துப் பேரும் சிரிப்பார்கள். அம்மா எழும்பிப் போய்விடுவார். அதோடு எல்லாம் முடிந்தது.

"அவாதான் சொன்னவா," என்றா மாமி. "வந்த முதல் நாளே சொன்னவா. ஒண்டும் ஒளிக்கேல்லை. நாங்கள்தான் காதிலை விழாத மாதிரி இருந்தனாங்கள். அப்பிடியே எழுதுங்கோ."

விதானையார் எழுதினார். எவ்வளவு எழுதினாரோ தெரியாது. பிறகு அம்மாவைக் கேட்டார். எவடம், தகப்பன் பேர் என்ன. நான் பழைய பழக்கத்தில் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எங்க அப்பா பேரு சின்னான். தொறையூருப் பக்கம் பொறந்தவரு. நான் புசல்லாவயில தோட்டத்துல பொறந்தேன், அஞ்சாம் நம்பர் லயத்துல. வீட்டுக்காரரு ராமையா. இராமலிங்கம் இல்லீங்க, ராமையா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்ததாக நின்ற கிழவர் "என்ரை மனுசியும் அந்தப் பக்கம்தான்" என்று மெல்லச் சொன்னார். அம்மா பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் வாய்க்கால் வரம்பில் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். நான் கடைசியில்.

"நாளைக்கு மிளகாய் ஆய வாறியோ?" என்றா மாமி திரும்பிப் பாராமலே.

"வாறேன். ஆனா பின்னுக்குத்தான் எறிவேன்."

"எறி. பொறுக்க நான் இருக்கிறன்தானே."

6

கடதாசி அடுத்த வருஷம் வந்தது. பிறகு அடையாள அட்டை. அதற்குப் பிறகு மாமியின் மகனோடு கொழும்புக்குப் போய்ப் பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. அம்மா அதோடு படம் எடுப்பித்து அனுப்பியிருந்தார். பாஸ்போர்ட்டை நெஞ்சில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்கிறார். நான் இங்கே வேலைக்காரி மாதிரி ஓடித் திரிந்தேன். பொறுப்பெடுக்கிற கடிதம், காப்புறுதி, வீட்டின் அளவு, சம்பளச் சீட்டு. அபிராவை எங்களுடைய அறைக்கு மாற்றி, அவளுடைய அறையில் கட்டில் போட்டு, அம்மாவுக்குக் குளிருக்கென்று இரண்டு கம்பளியும் வாங்கி வைத்தேன்.

அம்மா நாள் கடத்தினார். மாசியில் கேட்டால் அறுவடை முடியட்டும் என்றார். சித்திரையில் கேட்டால் கனகம் மாமிக்கு முழங்கால் வீங்கிப்போய்க் கிடக்கிறது என்றார். ஆடியில் ரிக்கெற் போடட்டா என்று கேட்டேன். விதைப்பு வருகிறது என்றார். இந்த ஆவணியில் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். கம்பளி இரண்டும் பையோடு கிடக்கிறது.

லிடியாவோடு கந்தோருக்குப் போய்வந்த இரண்டாம் நாள், எப்படியோ கிளிநொச்சிக்கு லைன் கிடைத்தது. அம்மாவைக் கூப்பிடுவித்தேன். பின்னால் ஏதோ குண்டு விழுந்து அதிர்கிற சத்தம் கேட்டது.

"செல் விழுகுதோ அம்மா?"

"தூரத்துலதான். நீ பயப்படாத."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இதுக்குத்தானே தலைகீழா நிண்டு அந்தக் கடதாசியை எடுத்தனான்! பாதை திறந்திருக்கேக்கை வந்திருக்கலாம்தானே? என்னை விட அந்த ஊர் பெரிசே உங்களுக்கு?" கத்திவிட்டு அழுதேன். பக்கத்து அறையில் அபிரா பாட்டை நிறுத்தியது கேட்டது.

அம்மா என்னை அழுது முடிக்க விட்டுச் சொன்னார்.

"எழுவத்தேழுல வெரட்டுனப்ப, இது எங்க ஊருன்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு துண்டு இல்ல செல்வி. இப்ப இருக்கு. இப்ப யாரும் வெரட்டாம நானா எந்திரிச்சுப் போகணுமா? அந்தக் கடதாசிய நீ கேட்டது நான் வர்றதுக்கு. நான் கேட்டது இங்க இருக்கிறதுக்கு."